சீட்டுக் குழாயில் ஒரு சிவப்பு வளையம்

முட்டியைத் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் என் வயதுப் பெண்களே, உங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒருத்தி முடக்கத்தான் தோசை என்கிறாள். ஒருத்தி ஆட்டுக்கால் சூப்பு என்கிறாள். இன்னொருத்தி போன ஜென்மத்துப் பாவம் என்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். முட்டி ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பல்லவி: வயசாயிடுச்சு. வயது உங்கள் வீட்டுக்காரருக்கும்தான் ஆனது. அவர் விடிந்ததும் சில்வர் பீச்சில் கைவீசி நடந்துவிட்டு வந்து உங்களிடம் காப்பி கேட்கிறார்.

உங்களில் பாதிப் பேர் என் காலத்தில் சைக்கிள் மிதித்தவர்கள். மிதித்தது மறந்திருக்காது, சீட்டு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. எங்கள் அக்காவின் கால் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டார் கூடி முடிவு கட்டிய வருஷத்தைச் சொல்கிறேன். அந்தக் காலில் அப்போது ஒரு கோளாறும் இல்லை. ஒரு சைக்கிள் சீட்டு ஒரு சாண் கீழே இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருவந்திபுரத்துக்கு மேற்கே, கெடிலம் ஆற்றை ஒட்டி. அப்பாவுக்குக் கரும்பு. நானும் அக்காவும் திருப்பாதிரிப்புலியூரில் பெண்கள் பள்ளியில் படித்தோம். நான் எட்டாவது, அவள் பள்ளி இறுதி வகுப்பு. அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பரீட்சை எழுதி, டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும். அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

அந்த வருஷம் வரை பஸ்ஸில்தான் போய்வந்தோம். பஸ்ஸில் எவனோ ஒருவன் அக்காவைப் பார்த்துச் சிரித்தான் என்று அப்பா காதுக்குச் சேதி வந்தது. சிரித்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். இனிமேல் சைக்கிள், அதுவும் என்னைப் பின்னால் கேரியரில் ஏற்றிக்கொண்டு. கேரியரில் நான் இருந்தால் எவனும் சிரிக்க மாட்டான் என்பது அப்பாவின் எண்ணம். என் முகத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சைக்கிளைச் சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. சிதம்பரத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை, கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தத் தெருவில் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்ட ஒரே ஆள் என்பதால் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. பயிருக்கு யூரியா எப்போது போடுவது என்பதும் அவரைக் கேட்டுத்தான், மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் என்ன செய்வது என்பதும் அவரைக் கேட்டுத்தான். கழிச்சல் கண்ட மாடு செத்த பிறகும் அவரைத்தான் கேட்டார்கள்.

அது அடர் பச்சையில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள். பின் சக்கரத்தில் பாவாடை சிக்காமல் இருக்க வலை பின்னியிருந்தது. மணியின் மூடியில் ஒரு மயில். கிரீஸும் பழைய தோல் சீட்டும் கலந்த வாசனை அடிக்கும். அக்கா அதில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் நல்ல உயரம். பதினாறு வயதில் அப்பாவை எட்டிப் பிடித்துவிட்டாள். இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுவது என்று அம்மா பெருமூச்சு விடத் தொடங்கியிருந்தாள். மாமா சைக்கிளைச் சுற்றி வந்து குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தார்.

"குதிங்கால் எழும்புது பாரு. பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு காலும் தரையில பதியணும். நடுரோட்டுல விழுந்து வச்சா யாரு போயித் தூக்கறது?"

"விழ மாட்டேன் மாமா" என்றாள் அக்கா.

"நிமிந்து ஒக்காரு மொதல்ல. ஹேண்டில்பார் மேல கவுந்துகிட்டுப் போறதெல்லாம் ஆம்பளைங்க பழக்கம். அடக்கமா ஒக்காந்து போவணும்."

ஸ்பேனரால் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டின் தலையில் உள்ளங்கையால் குத்திக் குத்திக் கடைசிவரை இறக்கினார். அத்தோடு விடவில்லை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்தது போக மிச்சமிருந்த சிவப்பு எனாமலை எடுத்துவரச் சொல்லி, சீட்டுக் குழாய் சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் சுற்றிலும் ஒரு வளையம் போட்டார். "இந்தக் கோடு இந்த எடத்துலயே இருக்கணும். ஏறுச்சின்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். பிறகு, "சீட்டு ஏறுனா மானம் எறங்கும்" என்று ஒரு பழமொழியும் சொன்னார். அது பழமொழி இல்லை, அந்த நிமிஷத்தில் அவர் வாயில் வந்தது. அப்பா மட்டும் அதை முன்னோர் வாக்கு மாதிரி தெருவில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதெல்லாம் நடந்த அதே கூடத்தில் எங்கள் அண்ணனின் சைக்கிளும் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் சீட்டு இருந்த உயரத்துக்கு, அண்ணன் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் கட்டைவிரல் தரையைத் தொடும். அண்ணன் விழுந்தால் போய்த் தூக்க ஆள் இருந்தது போலிருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கேரியரிலிருந்து நான் பார்த்தது அக்காவின் முதுகைத்தான். உத்தரவுப்படி நிமிர்ந்த முதுகு, நடுவில் ஒற்றைப் பின்னல். இரண்டு பக்கமும் அவள் முட்டிகள் மாறி மாறி எழும்பி வரும், ஹேண்டில்பாரில் இடித்துவிடுமோ என்று இருக்கும். கால் ஒருமுறைகூட நீளாது. மடங்கியது பாதி திறக்கும், அதற்குள் மறுபடி மடங்கும். தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே ஒருத்தி திருப்பாதிரிப்புலியூர் வரை போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு தங்கச்சியையும் தூக்கிக்கொண்டு. அதுதான் எங்கள் வீட்டார் கண்டுபிடித்த அடக்கம்.

ஆடி பிறந்ததும் மேல்காற்று. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். குனிந்தால் பாதிக் காற்று தலைக்கு மேலே போய்விடும். ஆனால் தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்துகொண்டே இருப்பார்கள், அக்கா நிமிர்ந்தே இருப்பாள். ஆற்று மணல் கண்ணில் விழும். கோயிலைத் தாண்டி அந்தச் சின்ன மேட்டில் நான் இறங்கிக்கொள்வேன். அவளும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி நொண்டி நடப்பாள்.

ஆடி முடிவதற்குள் முட்டிச் சில்லைச் சுற்றி வலி வந்துவிட்டது. தொடையின் முன்பக்கம் இறுகிக் கல்லாகக் கிடக்கும், என் விரல் பட்டாலே முகம் சுளிப்பாள். தொடையின் பின்பக்கமோ வேலைக்கே போகாத மருமகன் மாதிரி மெத்தென்று இருக்கும். முன்பக்கம் மட்டும் ஏன் வலிக்கிறது என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மா, புளி ஜாஸ்தி தின்கிறாள் என்றாள். அத்தை வந்து, வாயு என்று சொல்லி நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள். அப்பா, படிப்புக் கவலை காலில் இறங்கிவிட்டது என்றார். தலையில் ஏறாத படிப்பு காலில் இறங்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வீடு முழுக்க நொச்சியும் வேப்பெண்ணெயும் நாறியது.

மாமாதான் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றார். சிதம்பரத்தில் அவருக்குத் தெரிந்த டாக்டர். அம்மா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறிப் போனோம். கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் அந்த ஆஸ்பத்திரி, உள்ளே டிஞ்சர் வாசனை. டாக்டர் அக்காவின் முட்டியைத் தொடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

"எங்க வலிக்குதாம்?" என்று மாமாவைக் கேட்டார்.

"முட்டியில சார். ரெண்டு பக்கமும். மாடிப்படி ஏறுனா ஜாஸ்தியா இருக்குதாம்" என்றார் மாமா. எங்கள் வீட்டில் மாடியே கிடையாது.

"சைக்கிள்ல ஒக்காரும்போது..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"நீ இரும்மா, நான் சொல்லிக்கிட்டிருக்கேன் இல்ல" என்றார் மாமா.

டாக்டர் எதையோ கிறுக்கியபடி, "வீக் ஜாயிண்ட்டு. பிறவியிலயே இருக்கும்" என்றார். ரோஸ் நிறத்தில் மாத்திரை கொடுத்தார். அக்கா எப்படி உட்கார்ந்து மிதிக்கிறாள், எவ்வளவு மடக்குகிறாள் என்று அவரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் மாமா எங்களை ஓட்டலுக்கு அழைத்துப்போய் இட்லியும் கொத்சும் வாங்கித் தந்தார். அம்மாவுக்குத் தம்பியைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு புது வியாதி பிறந்தது. "பெரியவளுக்கு விக்ஜாண்டாம்" என்று தெருமுனைவரை போய்விட்டது. விக்ஜாண்டு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லோரும் பயந்தார்கள்.

மாத்திரை பாதி தீர்ந்திருந்த சமயம். ஒரு காலை எங்கள் சைக்கிள் பஞ்சராகி நின்றது, அக்காவுக்கு அன்று பரீட்சை. அண்ணன் வயலுக்குப் போயிருந்தான். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்து, அண்ணன் சைக்கிளின் பார் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். அந்தச் சைக்கிளில் நிமிர்ந்து உட்காரவும் முடியாது, ஹேண்டில்பார் எட்டத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் குனிந்தாள். கோயிலைத் தாண்டி அந்த மேட்டில் நான் வழக்கம்போல் இறங்கப் பார்த்தேன்.

"ஒக்காருடி, போயிடலாம்" என்றாள்.

போய்விட்டோம். பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கி நின்று, அவள் தன் காலைத் தானே அதிசயமாகத் தடவிப் பார்த்தாள். முதலில் முட்டியை. பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொடையின் அடிப்பக்கத்தை.

"பின்னால வலிக்குதுடி" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "முட்டி வலிக்கவே இல்ல. பின்னால வலிக்குது."

வேறு இடத்தில் வலிப்பதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவளுக்கு மத்தியானத்துக்குள் முழுசாகப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு காலை மடக்கியும் நீட்டியும் எனக்குக் காட்டினாள். ரொம்ப மடங்கியே இருந்தால் முன்தொடையும் முட்டியும்தான் மொத்தப் பாரத்தையும் இழுக்கின்றன. கால் கிட்டத்தட்ட நீள்கிற அளவுக்கு உயரம் இருந்தால் பின்தொடையும் வந்து பங்கு போட்டுக்கொள்கிறது.

"குனிஞ்சு மிதிச்சா குண்டியும் சேந்து வேல செய்யுதுடி" என்றாள். இரண்டு பேரும் புரையேறும்வரை சிரித்தோம்.

அன்று சாயங்காலமே அண்ணனின் பையிலிருந்து ஒரு ஸ்பேனர் என் பைக்கு வந்துவிட்டது. தினமும் ஊர் எல்லை தாண்டியதும், கரும்பு வண்டிகளை எடைபோடும் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்துவோம். வெட்டு தொடங்கும்வரை அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. போன வருஷத்துக் கரும்புச் சோகை மட்டும் கிடந்து மக்கும், இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. நான் முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அக்கா சீட்டை இப்படியும் அப்படியும் திருகி ஏற்றுவாள். சிவப்பு வளையம் மேலே போகும், கீழே குழாயின் வெள்ளை தெரியும். ஏறி மிதித்துப் பார்ப்பாள். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் உயரம் ஜாஸ்தி. முட்டி இழுத்தால் கம்மி. "இன்னும் ஒரு விரக்கட ஏத்துடி" என்பாள். விரல்கடை விரல்கடையாக அவளுக்கான உயரத்தை அவளே கண்டுபிடித்தாள். சாயங்காலம் திரும்பும்போது அதே இடத்தில் வளையத்தைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு, அடக்கமாக வீட்டுக்குப் போவோம்.

அந்தச் சில வாரங்கள் அக்கா மிதித்த மிதியை நான் பிறகு எந்த ஆண் மிதித்தும் பார்க்கவில்லை. புரட்டாசி மழைக்கு முந்தைய வெயில், கெடிலத்தில் கொஞ்சமாகத் தண்ணீர், மயில் மணியை அவள் காரணமில்லாமல் அடித்துக்கொண்டே போவாள். முன்னால் போகும் டிராக்டரை முந்துவாள். அவள் முதுகு வளைந்து இருக்கும், பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்து என் முகத்தில் அடிக்கும். முட்டி வலி போய்விட்டது. தொடை முன்னும் பின்னும் ஒரே மாதிரி கெட்டிப்பட்டது.

வீட்டில் இதற்கு அவரவர் உரிமை கொண்டாடியதுதான் வேடிக்கை. நொச்சிதான் என்றாள் அத்தை. என் மாத்திரை என்றார் மாமா, அவரே உருட்டிச் செய்த மாதிரி. அப்பா தேவநாத சுவாமிக்கு வேண்டிக்கொண்டாராம், ஒரு சனிக்கிழமை திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். சீட்டு ஏறியதற்கு மொட்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் அப்பாவாகத்தான் இருக்கும்.

பிடிபட்டது ஆயுத பூஜையன்று. வீட்டிலுள்ள வண்டி, கலப்பை, கத்தி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். எங்கள் சைக்கிளைத் துடைத்தவர் சீட்டுக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். மற்ற போல்ட்டெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்துக் கிடக்க, அந்த ஒரு போல்ட் மட்டும் தினமும் ஸ்பேனர் பட்டுப் பளபளவென்று இருந்தது. வளையத்திலும் இரண்டு இடத்தில் எனாமல் பெயர்ந்திருந்தது. போல்ட்டைத் தளர்த்திக் குழாயை உருவினார். நெடுகிலும் திருகிய கீறல். கையிலிருந்த குங்குமத்தைத் தட்டில் கொட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

அக்கா மறைக்கவில்லை, அழவும் இல்லை. எனக்கு வேப்பமரத்தடியில் சொன்னதை அப்படியே கூடத்தில் நின்று சொன்னாள்.

"சீட்டு எறங்கி இருந்தா முட்டியே முழு வேலையும் செய்யுதுப்பா. ஏத்தி வச்சா தொடை பின்பக்கமும் சேந்து மிதிக்குது. அதான் வலி நின்னுபோச்சு. மாத்திரையால இல்ல. அதச் சாப்பிடறதையே நான் எப்பவோ நிறுத்திட்டேன்."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா சிரித்தார். மாமா சிரித்ததால் அப்பாவும் சிரித்தார்.

"காலுக்குள்ள பூந்து பாத்துட்டு வந்தியா நீ?" என்றார் அப்பா.

"தொடை கிடைன்னு பேச்சைப் பாரு, ஆம்பளைங்க முன்னாடி" என்றாள் அம்மா.

"ஊருக்குள்ள வரும்போது எறக்கி, வெளிய போனா ஏத்தியிருக்கா மாமா" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். தன் அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். "யாரு பாக்கறதுக்கு ஏத்துனான்னு கேளுங்க."

அத்தோடு தீர்ந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையாவது சரியா என்று பார்க்க, அதே கூடத்தில் நின்ற அண்ணனின் சைக்கிளை ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். மூன்று பெரியவர்கள், ஆறு கண்கள், ஒன்றுகூடத் திரும்பவில்லை. பூஜை முடிந்து பொரி சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மாமா சைக்கிளைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சீட்டுக் குழாயைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தது. வெல்டிங் சூட்டில் சிவப்பு வளையம் கருகிப்போயிருந்தது. இனிமேல் அது தேவையும் இல்லை.

ஐப்பசி மழையில் வலி திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. அக்கா பெடலில் நின்றுகொண்டு மிதித்துப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை நின்று மிதிக்கிறது என்று அதற்கும் சேதி வந்தது. பஸ்ஸில் போகிறேன் என்று கெஞ்சினாள். விக்ஜாண்டுக் காலோடு பஸ்ஸில் ஏறி இறங்குவதா என்றார் அப்பா. அரைப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடம் நின்றது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அம்மா முன்னால் உட்கார்ந்தார். "இந்தக் காலை வச்சிகிட்டு இவள வெளிய எவன் கட்டுவான்? ஊரே பேசுது. போவட்டும், நானே கட்டிக்கிறேன் யக்கா" என்றார். அம்மா அழுதாள். அப்பா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, "பெரிய மனசு மச்சான் உனக்கு" என்றார். காலைக் கெடுத்ததும் அவர், கெட்டது என்று டாக்டரிடம் சொன்னதும் அவர், கெட்ட காலைக் கட்டிக்கொள்வதும் அவர். சனிக்கிழமை தவறாமல் அவர் எதற்கு வந்துகொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு அங்கிருந்த பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியாமல்தான் இருந்தது. அவ்வளவு புத்திசாலிகள்.

"அம்மா, எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லம்மா. பரீட்சை மட்டும் எழுதிடறேன்" என்று அடுப்படியில் அக்கா சொன்னதை நான் கேட்டேன்.

"ஊரெல்லாம் சொல்லியாச்சுடி. இனிமே ஒண்ணும் இல்லன்னா யாரு நம்புவா?" என்றாள் அம்மா.

தையில் திருவந்திபுரத்து மலைமேல் கல்யாணம். அன்று முகூர்த்த நாள், எந்த மேளம் எந்தக் கல்யாணத்துக்கு அடிக்கிறது என்றே தெரியாத கூட்டம். கல்யாணப் போட்டோ இன்னும் இருக்கிறது. அதில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மாமா பக்கத்தில் நிற்கிறார். கால் வலிக்குமே என்று உட்காரவைத்தோம் என்றார்கள். நின்றிருந்தால் மாமா அவள் காதுக்குத்தான் வந்திருப்பார். வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்: கால் சரியில்லாத பொண்ணுக்கு வாழ்க்கை கொடுத்தாரே. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் சாவு, காதுகுத்து எங்கே கூடினாலும் யாராவது இதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. வாழ்க்கை கொடுத்தாராம். அவளிடம் இருந்ததை எடுத்துக்கொண்டதற்கு அப்படி ஒரு பெயர்.

சிதம்பரத்தில் மாமா வாடகைக்குப் பிடித்தது மாடி வீடு. பைப்பு கீழே. பிறவியிலேயே முட்டி வீக்கான அந்தப் பெண் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அந்தப் படியில் ஏறினாள், வயிற்றுப் பிள்ளையோடும் ஏறினாள். நான் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அப்போது விக்ஜாண்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் தூக்கும்போது அந்த வியாதி வராது போல.

சைக்கிள் எனக்கு வந்தது. நான் கட்டை. பற்றவைத்த அந்தச் சீட்டு எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. இரண்டு காலும் தரையில் பதிந்தன, முட்டி வலிக்கவில்லை, மிதித்து மிதித்துப் பள்ளி இறுதி முடித்தேன், டிரெயினிங் முடித்தேன், டீச்சரானேன். சின்னவள் கெட்டிக்காரி, படித்துவிட்டாள் என்றார்கள். கெட்டிக்காரி அக்காதான். எனக்கு உயரம் குறைவு, அதனால் படித்தேன். பிறகு அந்தச் சைக்கிளை மயில் மணியோடு பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். மணியை மட்டுமாவது கழற்றி வைத்திருக்கலாம்.

இப்போது அக்காவுக்கு நிஜமாகவே முட்டி தேய்ந்துவிட்டது. அறுபத்தைந்து தாண்டியாயிற்று, படியேறிய கால். ஆபரேஷன் முடிந்து, காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வாரம் ஒருமுறை அழைத்துப்போக நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறுகிறேன். வழியில் செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் இறங்குவார்கள், அதற்குப் பிறகுதான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். போன வாரமும் போனேன். மாமாவும் கூட வந்தார். எண்பதை நெருங்குகிறார், காது மந்தம், ஆனால் வாய் இன்னும் சனிக்கிழமை மாதிரிதான் இருக்கிறது. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த மின்விசிறி முதல் எல்லாவற்றுக்கும் யோசனை சொன்னார்.

பயிற்சி கொடுக்கும் சின்னப் பெண் அக்காவை ஓடாத சைக்கிள் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினாள். இடுப்பு எலும்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சீட்டுக்குக் கீழே இருந்த குமிழைத் திருகிக் குழாயைச் சரசரவென்று மேலே இழுத்தாள்.

"சீட்டு நல்லா ஏத்தியே வச்சிக்கலாம்மா. எறங்கி இருந்தா முன்தொடை மட்டும்தான் வேல செய்யும், மொத்தப் பாரமும் முட்டியில விழும். கால் கீழ வரும்போது லேசா மடங்கியிருந்தாப் போதும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் போட்ட, வளையம் இல்லாத குழாய்.

"ஏம்மா, எறக்கி வையி" என்றார் மாமா சுவரோரத்திலிருந்து. "அவளுக்கு அந்த ஒயரம் ஆவாது. கால் தரையில பதியணும்."

"இது நின்ன எடத்துலயே நிக்கிற சைக்கிள் தாத்தா. விழ முடியாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அக்காவைக் கைபிடித்து ஏற்றினாள்.

அக்கா மெதுவாக மிதித்தாள். முதலில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வருஷப் பழக்கம். சுற்று கூடக்கூட அவள் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்தது. கொண்டை அவிழ்ந்து நரைத்த பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்துப் பின்னால் கொண்டுபோய்த் தொடையின் அடிப்பக்கத்தைப் பிடித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"பின்னால வலிக்குதுடி" என்றாள்.

மாமாவுக்கு மற்றதெல்லாம் கேட்பதில்லை, வலி என்ற வார்த்தை மட்டும் சுத்தமாகக் கேட்டுவிட்டது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே. அவளுக்குப் பொறவியிலயே வீக் ஜாயிண்ட்டு. எறக்கு, எறக்கு."

அந்தப் பெண் குமிழில் கைவைத்துக்கொண்டு, "எறக்கட்டுமாம்மா?" என்று அக்காவைக் கேட்டாள்.

அக்கா மாமா பக்கம் திரும்பவில்லை. ஹேண்டில்பார் மேல் இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் ஒரு விரக்கட ஏத்து பாப்பா" என்றாள்.